ஹார்ப் வாசித்துப் பிழைக்க முடியுமா?

1914 பிப்ரவரியில் பாம்பன் கால்வாயின் மேல் ரயில் ஓடத் தொடங்கியது. அதே ஆண்டில், ஸ்பெயினின் வடக்குக் கரையில் சான் செபஸ்தியான் என்ற ஊரில், பொழுதுபோக்காக இசை பழகிய ஒரு தகப்பன் பழம்பொருள் கடையில் கிடந்த ஹார்ப் என்ற நரம்புக் கருவி ஒன்றை வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்தார். மகனுக்கு அப்போது ஏழு வயது. பெயர் நிக்கனோர் சபலேட்டா. எண்பத்தைந்து வயதில், உடல் தளர்ந்துவிட்ட 1992-இல், மாட்ரிட்டில் கடைசிக் கச்சேரியை முடிக்கும்வரை அந்தக் கருவியை அவர் கீழே வைக்கவில்லை.

இரண்டு செய்திக்கும் தொடர்பு கிடையாது. ஆனாலும் பாலத்தைக் கடக்கும்போதெல்லாம் அந்த ஆண்டு எனக்கு ஹார்ப்பையே நினைவூட்டுகிறது. காரணம் என் மாணவி.

நான் பாம்பன் பாலத்துக்கு இந்தப் பக்கம் மண்டபம் என்ற ஊரில் வீணை கற்றுக்கொடுக்கிறேன். தங்கச்சிமடத்திலிருந்து சனிக்கிழமை தோறும் ஒரு பெண் பஸ்ஸில் வருகிறாள். அப்பா விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். கோயில் பாடகர் குழுவில் அவள்தான் கீபோர்டு. கோயிலில் பைபிளில் வரும் தாவீது ராஜாவின் படம் ஒன்று இருக்கிறது, மடியில் சாய்த்த நரம்புக் கருவியோடு. அதைப் பார்த்து வளர்ந்தவள் ஒருநாள் வீணையை உறையிலிருந்து எடுத்துக்கொண்டே கேட்டாள்: "டீச்சர், தாவீது ராஜா வைத்திருப்பதை இப்போதும் யாராவது வாசிக்கிறார்களா? வாசித்துப் பிழைக்க முடியுமா?"

முதல் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிட்டேன். இரண்டாவதற்கு அப்படிச் சொல்ல முடியவில்லை. மீன்பாடு இல்லாத மாதங்களைப் பார்த்து வளர்ந்த பிள்ளை கேட்கும் கேள்வி அது. அதற்கு மழுப்பலாக ஒரு பதில் சொல்லக் கூடாது. எனவே எனக்குத் தெரிந்ததை எல்லாம் இங்கே எழுதுகிறேன்.

முதலில் கருவி. மேடையில் வாசிக்கும் பெரிய ஹார்ப்புக்கு 47 தந்திகள், ஆறரை ஸ்தாயி. ஆறடி உயரம், நாற்பது கிலோ அளவுக்கு எடை. எல்லாத் தந்திகளும் சேர்ந்து பலகையை இழுக்கும் விசை முக்கால் டன்னுக்கு மேல். கீழ் ஸ்தாயியில் உலோகச் சுற்றுத் தந்தி, நடுவில் ஆட்டுக்குடல் நரம்பு, மேலே பெரும்பாலும் நைலான். ஒரே மாதிரி நிற்கும் தந்திகளுக்கு நடுவே வழி தெரிய வேண்டும் என்பதற்காக 'சி' தந்திகளுக்குச் சிவப்பும் 'எஃப்' தந்திகளுக்குக் கறுப்பும் பூசுவார்கள். வலது தோளில் சாய்த்துக்கொண்டு இரண்டு கைகளாலும் மீட்ட வேண்டும். கட்டை விரலும் அடுத்த மூன்று விரல்களும்தான் தந்தியைத் தொடும். சுண்டுவிரலுக்கு வேலை இல்லை. விலை பல லட்சம் ரூபாய். வாங்கியபின் அதை ஏற்றி இறக்க வண்டி வேண்டும், மாடிப்படி இல்லாத அரங்கம் வேண்டும், ஒத்தாசைக்கு ஓர் ஆள் வேண்டும். குழல்காரர் கருவியைக் கைப்பையில் வைத்துக்கொண்டு கடைசி நிமிடத்தில் வந்து சேரலாம். ஹார்ப் வாசிப்பவரால் முடியாது. அரங்கத்தில் விளக்குப் போடும் ஆளுக்கு அடுத்தபடியாக வருவது அவர்தான், 47 தந்திகளையும் ஒவ்வொன்றாகச் சுருதி சேர்ப்பதற்கு.

இந்தக் கடற்கரையில் கருவி வைத்திருப்பவர்களுக்கு அந்தச் சிரமம் சொல்லாமலே விளங்கும். உப்புக்காற்றில் வீணையின் எஃகுத் தந்தி துருவேறுகிறது. கத்திரி வெயிலில் மெட்டுகளைப் பதித்த மெழுகு இளகி அவை நகர்கின்றன. ஐப்பசியில் வாடை திரும்பி ஈரம் ஏறினால், காலையில் சேர்த்த சுருதி மாலையில் நிற்பதில்லை. குடல் நரம்புக்கு ஈரம் இதைவிடப் பெரிய எதிரி. நரம்பு ஈரத்தை உறிஞ்சினால் சுருதி ஓடிவிடும், சில நேரம் அறுந்தே போகும். அதோடு, இத்தனை தந்திகள் ஆண்டுக்கணக்கில் மேலே இழுத்துக்கொண்டே இருப்பதால் ஹார்ப்பின் பலகை மெல்ல மெல்ல உப்பிக்கொண்டு வரும். நூற்றாண்டுகள் கடந்தும் வாசிக்கப்படும் வயலின்கள் உண்டு. ஹார்ப்பைச் சில பத்தாண்டுகளுக்கு ஒருமுறை பிரித்துப் பலகையை மாற்ற வேண்டியிருக்கும்.

அடுத்தது கால்கள். வீணை படிக்கிறவர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். ஹார்ப்பின் அடியில் ஏழு மிதிகள் உள்ளன, இடது காலுக்கு மூன்று, வலது காலுக்கு நான்கு. ஏழு சுரத்துக்கு ஏழு மிதி. ஒவ்வொரு மிதியும் மூன்று நிலைகளில் நிற்கும். மேலே விட்டால் அந்தச் சுரம் தாழ்ந்திருக்கும், நடு நிலையில் அரைச்சுரம் ஏறும், முழுக்க அழுத்தினால் இன்னும் ஓர் அரைச்சுரம். ரிஷப மிதியை அழுத்தினால் எல்லா ஸ்தாயிகளிலும் உள்ள ரிஷபத் தந்திகள் ஏறத்தாழ அனைத்தும் ஒரே நொடியில் மாறிவிடும். மேலே கழுத்துப் பகுதியில் ஏறத்தாழ ஒவ்வொரு தந்திக்கும் சிறு தட்டுகள் உண்டு. அவை திரும்பித் தந்தியைக் கவ்வி, அதிரும் நீளத்தைக் குறைக்கின்றன. மிதியை மேற்கண்ட தட்டுகளோடு இணைக்கும் கம்பிகள் முன்தூணுக்குள் ஓடுகின்றன. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அந்தத் தூண் அலங்காரமாகத்தான் தெரியும்.

அதாவது, வாசிப்பதற்கு முன் ஏழு மிதிகளையும் நிறுத்தி வைப்பது ஏழு சுரமும் வரும் 72 தாய் ராகங்களில், அதாவது மேளகர்த்தாக்களில், ஒன்றைத் தேர்ந்தெடுப்பது போன்ற வேலை. கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆதார சுருதியான ஷட்ஜத்தை ஒரு கட்டையில், அதாவது 'சி'-யில், வைத்துக்கொண்டால், ரிஷபம் மூன்றும் கிடைக்கும், தைவதம் மூன்றும் கிடைக்கும், மத்திமம் இரண்டும் கிடைக்கும். காந்தாரத்தில் சாதாரணமும் அந்தரமும் உண்டு, நிஷாதத்தில் கைசிகியும் காகலியும் உண்டு. சுத்த காந்தாரமும் சுத்த நிஷாதமும் மட்டும் எட்டாது. அவை இல்லாத 50 மேளங்களை மிதியாலேயே அமைத்துவிடலாம். இரண்டில் ஒன்றாவது வரும் 22 மேளங்கள் வெளியே நிற்கும். ஐரோப்பியர் தங்கள் தேவைக்காகச் செய்த இயந்திரம் அந்த 72 மேளங்களை வகுத்த வேங்கடமகியின் கட்டத்துக்குள் இவ்வளவு தூரம் பொருந்தி வருவதைக் கண்டபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியை மறைக்க விரும்பவில்லை.

ஆனால் கமகம், அதாவது சுரத்தின் அசைவும் குழைவும், வராது. தந்தியை இழுத்து அசைக்க ஹார்ப்பில் வழியில்லை. கல்யாணி ராகத்தின் சுரங்கள் எல்லாம் இருக்கும், கல்யாணி இருக்காது.

பழைய ஹார்ப்பில் அந்த அரைச்சுரங்கள்கூட இல்லை. ஒரு தந்திக்கு ஒரு சுரம், அவ்வளவுதான். ஏறத்தாழ 1720-இல் பவேரியாவில் ஹோக்பிரக்கர் என்ற கைவினைஞர், ஓர் அரைச்சுரம் மட்டும் ஏற்றும் ஒருநிலை மிதியைக் கொண்டுவந்தார். பாரிஸில் கருவி செய்துகொண்டிருந்த செபஸ்தியான் எரார்ட், புரட்சிக் காலத்தில் லண்டனுக்குப் போனார். பிரபுக்களின் வீட்டுக்கூடங்களை நம்பியிருந்த தொழில் அது. அவர்களே ஓடிக்கொண்டிருந்தபோது இவர் அங்கே எப்படி இருப்பார்? 1810-இல் லண்டனில்தான் அவர் இருநிலை மிதிக்குக் காப்புரிமை பெற்றார். இன்றைக்கும் ஹார்ப் ஏறத்தாழ அவர் விட்ட இடத்தில்தான் இருக்கிறது.

பிழைப்புக்கு வருவோம். பிரபுக்கள் காலத்துப் பிழைப்பு எப்படி இருந்தது என்பதற்கு மோட்ஸார்ட்டே சாட்சி. 1778-இல் பாரிஸில், குழல் வாசிக்கும் ஒரு பிரபுவுக்கும் ஹார்ப் வாசிக்கும் அவர் மகளுக்குமாகச் சேர்த்து ஒரு கான்சர்ட்டோ, அதாவது தனிக்கருவியும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் உருப்படி, எழுதிக் கொடுத்தார். நான்கு மாதமாகியும் அதற்குப் பணம் வரவில்லை என்று தகப்பனாருக்குக் கடிதம் எழுதினார். ஹார்ப்புக்காக அவர் எழுதியது அது ஒன்றுதான்.

இன்றைய நிலை வேறு. ஓர் இசைக்குழுவில் வயலின் வாசிப்பவர்கள் முப்பது பேர் வரை இருப்பார்கள். ஹார்ப்புக்கு ஒரு நாற்காலி, சில இடங்களில் இரண்டு. அந்த நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்துவிட்டால் பல பத்தாண்டுகள் எழுந்திருக்க மாட்டார். உட்கார்ந்த பிறகும் வேலையில் பெரும்பகுதி காத்திருப்பது. பெர்லியோஸின் 'ஃபான்டாஸ்டிக்' சிம்பனியில் ஐந்து பகுதிகள். ஹார்ப் வருவது இரண்டாவது பகுதியான நடன விருந்தில் மட்டும். அந்தச் சில நிமிடங்களுக்காகத்தான் வண்டி, ஆள், சுருதி எல்லாம். காத்திருப்பதும் சும்மா இருப்பது அல்ல. நூறு தாளவட்டம் எண்ணிக்கொண்டே இருந்து, நூற்றியோராவதில் மிதிகள் சரியான நிலையில் நிற்க, குளிர்ந்துபோன விரலால் தவறில்லாமல் எடுக்க வேண்டும். மற்றவர் பிழை முப்பது வயலினுக்குள் கரைந்துவிடும். ஹார்ப்பின் பிழை தனியே கேட்கும்.

நாற்காலி கிடைக்காதவர்கள்தான் அதிகம். அவர்கள் கல்லூரியில் கற்பிக்கிறார்கள், திருமணங்களில் வாசிக்கிறார்கள், மருத்துவமனைகளில் வாசிக்கிறார்கள், குழுக்கள் அழைக்கும்போது போகிறார்கள். நம் ஊரில் நாதஸ்வரக்காரரின் முகூர்த்த மாதக் கணக்கும் ஆடி மாதக் கணக்கும் அவர்களுக்குப் புரியும் என்றே நினைக்கிறேன்.

பெண் பிள்ளை என்பதால் இன்னொன்றும் அவளிடம் சொன்னேன். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பெண்கள் பல பெரிய இசைக்குழுக்களுக்குள் நுழைந்த முதல் வாசல் ஹார்ப்தான். லில்லி லாஸ்கின் 1909-இல், பதினாறு வயதில், பாரிஸ் ஓபராவின் இசைக்குழுவில் சேர்ந்தார். எட்னா பிலிப்ஸ் 1930-இல் பிலடெல்பியா இசைக்குழுவில் தலைமை ஹார்ப் கலைஞரானார், அந்தக் குழுவின் முதல் பெண்ணாக. வியன்னா ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவில் அன்னா லெல்கெஸ் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக வாசித்துக்கொண்டிருந்தார், ஆனால் உறுப்பினராக அல்ல. 1997-இல்தான் அவரை முதல் பெண் உறுப்பினராகச் சேர்த்தார்கள். இருபது ஆண்டு கைவேலை வேண்டும், ஆள் வேண்டாம் என்று இருந்த இடம் அது. இதை எழுதும்போதும் எனக்குக் கோபம் வருகிறது.

சபலேட்டா இந்த நாற்காலி வழியே போகவில்லை. மாட்ரிட்டில் படித்து, 1925-இல் பாரிஸுக்குப் போய் மார்செல் டூர்னியேயிடம் பயின்று, தனிக்கச்சேரிக் கலைஞராகக் கிளம்பினார். கிளம்பியதும் முன்னால் நின்றது ஒரு சுவர். வாசிக்கப் பாட்டு இல்லை. பியானோக்காரருக்குப் பீத்தோவனின் 32 சொனாட்டாக்கள் காத்திருக்கின்றன. ஹார்ப்புக்கு ஹாண்டெலின் ஒரு கான்சர்ட்டோ, மோட்ஸார்ட்டில் பாதி, பிரெஞ்சு இசையமைப்பாளர்கள் தெபுஸ்ஸியும் ராவெலும் 1904, 1905-இல் இரண்டு கருவிக் கம்பெனிகளின் போட்டியில் எழுதிக் கொடுத்த இரண்டு துண்டுகள், அப்புறம் ஹார்ப் கலைஞர்களே எழுதிக்கொண்டவை. இதை வைத்துக்கொண்டு ஊர் ஊராக எத்தனை ஆண்டு போக முடியும்?

அவர் இரண்டு காரியம் செய்தார். நூலகங்களில் தேடினார். பதினாறாம் நூற்றாண்டு ஸ்பானிய இசையையும், பாக்கின் மகன் கார்ல் பிலிப் எமானுவேல் 1762-இல் எழுதிய சொனாட்டாவையும், மறந்துபோன இன்னும் பலவற்றையும் மேடைக்குக் கொண்டுவந்தார். பிறகு, உயிரோடிருக்கும் இசையமைப்பாளர்களிடம் போய்ப் புதிதாகக் கேட்டார். கண் பார்வையற்ற ரோட்ரிகோ 1952-இல் எழுதினார். மியோ எழுதினார், பிரேசிலின் வில்லா-லோபோஸ் 1953-இல் எழுதினார். கீழ்த்தந்திகளின் ஒலி விடாமல் ரீங்கரித்து இசையைக் கலக்குகிறது என்று, அதை அடக்க எட்டாவது மிதி ஒன்றையும் தன் கருவியில் வைத்துக்கொண்டார்.

எல்லாவற்றிலும் என்னைக் கவர்ந்தது ஹினாஸ்டெராவின் கான்சர்ட்டோ பிறந்த கதை. அதை 1956-இல் கேட்டவர் மேலே சொன்ன எட்னா பிலிப்ஸ். அர்ஜென்டினாவின் ஹினாஸ்டெரா எழுதி முடிக்க 1964 ஆகிவிட்டது. அதற்குள் எட்னா மேடையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். 1965 பிப்ரவரியில் பிலடெல்பியாவில், ஆர்மண்டி இசைக்குழுவை நடத்த, அதை முதன்முதலில் வாசித்தவர் சபலேட்டா. கேட்டவர் ஒருவர், வாசித்தவர் ஒருவர். எட்னாவுக்கு அது இழப்புதான். ஆனால் இன்று ஹார்ப் பழகும் எந்தப் பிள்ளையும் ஒருநாள் தொட நினைக்கும் உருப்படி அது.

தங்கச்சிமடத்துப் பெண்ணுக்கு நான் சொல்ல நினைத்தது இதைத்தான். தனிக்கச்சேரி வாசிக்கும் ஹார்ப் கலைஞரின் தொழில் வாசிப்பதோடு முடிவதில்லை. அந்தக் கருவிக்கு வாசிக்க ஏதாவது இருக்கும்படி பார்த்துக்கொள்வதும் அவர் தொழில்தான். மற்றக் கருவிக்காரர்களுக்கு முன்னோர் சேர்த்து வைத்த சொத்து உண்டு. இவர் தேடிச் சேர்க்க வேண்டும்.

இதைச் சொல்லும்போது நம் யாழை நினைக்காமல் இருக்க முடியவில்லை. நம் நெய்தல் நிலத்துக்கென்றே விளரி யாழ் என்று ஒன்று வகுத்திருந்தார்கள். புகார்க் கடற்கரையில் மாதவியும் கோவலனும் யாழ் தொட்டுப் பாடியதில்தான் அவர்கள் பிரிவே தொடங்கியது. ஒலிப்பெட்டியான பத்தர், போர்வை, கோடு, திவவு என்று உறுப்பு உறுப்பாகப் பாடிவைத்தார்கள். உலகில் வேறெந்தக் கருவியையாவது இவ்வளவு காதலோடு பாடியிருப்பார்களா என்பது ஐயம். அப்படியும் போய்விட்டது.

ஏன் போனது? பெரியபுராணத்தில் அதற்கு ஒரு காட்சி இருப்பதாக நான் நம்புகிறேன். திருஞானசம்பந்தரோடு ஊர் ஊராகச் சென்று அவர் பதிகங்களை யாழில் இசைத்தவர் திருநீலகண்ட யாழ்ப்பாணர். தருமபுரத்தில் சம்பந்தர் பாடிய ஒரு பதிகம் நரம்பில் அடங்கவில்லை. பாணர் யாழையே உடைக்க ஓங்கினார், சம்பந்தர் தடுத்தார். பக்தர்கள் அதைப் பதிகத்தின் பெருமையாகப் படிக்கிறார்கள். கருவிக்காரியான நான் பாணரின் பக்கத்தில் நின்று படிக்கிறேன். குரல் வளைந்து குழைந்து போகிற இடத்துக்குத் திறந்த நரம்பால் போக முடியவில்லை. ஐரோப்பிய ஹார்ப் பதினெட்டாம் நூற்றாண்டில் முட்டிக்கொண்ட சுவரும் ஏறக்குறைய இதே சுவர்தான். அங்கே ஒருவர் மிதி வைத்தார், ஒருவர் தட்டு வைத்தார், ஒருவர் போய்ப் பாட்டுக் கேட்டார். இங்கே இசை, மெட்டு வைத்த வீணைக்கு மாறிக்கொண்டது. வீணையில் தந்தியை இழுக்கலாம், கமகம் வரும். மாறியதில் குற்றம் இல்லை. யாழைத் தூக்கிக்கொண்டு அடுத்த படிக்குப் போக ஆள் இல்லாமல் போனதுதான் என் வருத்தம்.

வேறு வழி இருந்தது என்பதற்குக் கடலுக்கு அந்தப் பக்கமே சான்று உண்டு. எங்கள் பக்கத்தில் பர்மாவிலிருந்து திரும்பி வந்த குடும்பங்கள் பல. அந்த நாட்டில் 'சவுங்' என்ற வில் யாழ் இன்றும் உயிரோடு இருக்கிறது. மான்தோல் போர்த்த பத்தர், வளைந்த மரவேரில் செய்த கழுத்து, சிவப்புக் குஞ்சம், 16 தந்திகள். வலக்கை மீட்ட, இடக்கைக் கட்டைவிரலால் தந்தியை அழுத்திச் சுரத்தை ஏற்றுகிறார்கள். பட்டு நூல் தந்தி இருந்த இடத்தில் இப்போது நைலான் வந்துவிட்டது. அதனால் சவுங் கெட்டுப்போகவில்லை. இங்கும் சில ஆண்டுகளாகச் சென்னையில் யாழை மறுபடி செய்து வாசிக்கும் இளைஞர்கள் வந்திருக்கிறார்கள். அவர்களிடம் நான் எதிர்பார்ப்பது பழைய வடிவத்தின் நகலை அல்ல, இன்று எழுதிய பாட்டை.

எங்கள் இராமநாதபுரம் சீமைக்கும் இதில் பங்கு உண்டு. சேதுபதிகளின் சமஸ்தானத்தில் வித்துவானாக இருந்தவர் பூச்சி சீனிவாச ஐயங்கார். அவரிடம் படித்த அரியக்குடி இராமானுஜ ஐயங்கார்தான் இன்று நாம் கேட்கும் கச்சேரி முறைக்கு வடிவம் கொடுத்தவர். அரண்மனை ஆதரவு தேய்ந்து சபாக்களில் டிக்கெட் விற்கும் காலம் வந்தபோது, வர்ணத்தில் தொடங்கித் துக்கடாவில் முடியும் விறுவிறுப்பான அமைப்பு ஒன்று பாடகர்களைக் காப்பாற்றியது. வீணைக்கு அப்படி ஒருவர் போதிய அளவு கவலைப்பட்டாரா என்று நான் கேட்பதுண்டு. வாய்ப்பாட்டுக்கு எழுதியதைத்தான் நாங்கள் வாசிக்கிறோம். வீணைக்கென்றே, அதன் தாளத்தந்தியையும் மந்தர ஸ்தாயியின் ஆழத்தையும் மனத்தில் வைத்து இன்று எழுதும் உருப்படிகள் எத்தனை? சபாக்களில் தனி வீணைக் கச்சேரி குறைந்துகொண்டே வருவதை எல்லாரும் புலம்புகிறோம். ஒரு சபலேட்டாவைப் போல ஒவ்வொரு வாசலாகப் போய், "எனக்கு ஒன்று எழுதித் தாருங்கள், நான் வாசிக்கிறேன்" என்று கேட்கும் வீணைக் கலைஞர்கள் இன்னும் அதிகம் வேண்டும்.

கேள்விக்குப் பதிலாக அவளிடம் சொன்னது இதுதான். முடியும், ஆனால் மிகச் சிலரால். கருவி வாங்கப் பணம் வேண்டும், நாற்காலி கிடைக்க அதிர்ஷ்டம் வேண்டும். நாற்காலி கிடைக்காவிட்டால் பாடம் சொல்லிக்கொடுக்கும் பொறுமை வேண்டும். பெயர் நிலைக்க வேண்டுமானால் பாட்டுத் தேடும் பசி வேண்டும். அவள் முகம் வாடவில்லை. "மீன் தொழிலும் அப்படித்தான் டீச்சர்" என்றாள். பிறகு அந்த மிதிகளைப் பற்றி மறுபடி சொல்லச் சொன்னாள்.

72 மேளகர்த்தா அட்டவணை ஒன்றைக் கொடுத்து, பக்கத்தில் ஏழு மிதிகளின் மூன்று நிலைகளையும் எழுதிக் காட்டினேன். 50 மேளங்களை அவளே டிக் அடித்துவிட்டாள். விடுபட்ட 22-ஐப் பார்த்து, "ஷட்ஜம் ஏன் ஒரு கட்டையிலேயே நிற்க வேண்டும்?" என்று கேட்டாள். போன வாரம் வரும்போது நோட்டில் பதில் இருந்தது. அரைச்சுரம் கூட்டி ஒன்றரைக் கட்டைக்கு ஏற்றினால் சுத்த காந்தாரமும் சுத்த நிஷாதமும் வந்துவிடுகின்றன. முதல் மேளமான கனகாங்கியே அமைந்துவிடுகிறது. ஆனால் பிரதி மத்திமம் கைவிட்டுப் போகிறது. இப்போது வேறு கட்டைகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.